இரீனாவின் பக்கம்



திகில் சிறப்பிதழ் வருகிறது என்று போன மாதம் அறிவித்ததும் கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. "ரத்தம் எவ்வளவு இருக்கும்?" என்பதுதான் பலருடைய கேள்வி. சிலர் ஆசையாகக் கேட்டிருந்தார்கள். சிலர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற கவலையோடு. உள்பக்கங்களில் வேண்டிய மட்டும் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுப்பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்தை நான் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறேன். ஒரு பெண் சிறுத்தையாக மாறும் கதை. அந்த மாற்றத்தை மட்டும் படம் முழுக்க ஒரு தடவைகூடக் கண்ணில் காட்டமாட்டார்கள்.

படத்தின் பெயர் 'கேட் பீப்பிள்'. 1942 டிசம்பரில் வெளிவந்தது. பார்த்தவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவுக்குப் பணமுடை. ஆர்சன் வெல்ஸ் என்ற இளைஞரை நம்பி 'சிட்டிசன் கேன்' எடுத்தார்கள். எட்டு லட்சம் டாலருக்கு மேல் செலவு. இன்றைக்கு உலகத்தின் தலைசிறந்த படம் எது என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இருக்கிற படம். அன்றைக்குக் கல்லா நிறையவில்லை. அடுத்து அவர் எடுத்த 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' பத்து லட்சத்தைத் தாண்டிப்போய் இன்னும் பெரிய அடியாக விழுந்தது. நிர்வாகம் மாறியது. தயாரிப்புப் பொறுப்பை ஏற்ற சார்லஸ் கோர்னர் தியேட்டர் தொழிலிலிருந்து வந்தவர். மேதைகள் போதும், இனி டிக்கெட் விற்கிற வழியைப் பார்ப்போம் என்பது அவருடைய கொள்கை. யுனிவர்சல் ஸ்டூடியோ ஓநாய் மனிதனையும் பிராங்கன்ஸ்டைனையும் வைத்துக்கொண்டு நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. நாமும் சின்னச் செலவில் திகில் படங்கள் எடுத்துத் தள்ளுவோம் என்று தீர்மானித்து, அதற்கென ஒரு பிரிவை உண்டாக்கினார்கள்.

அந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் வால் லூட்டன். 1904இல் கருங்கடல் ஓரத்து யால்டா நகரில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்கா வந்தவர். மௌனப் படக் காலத்து நட்சத்திரம் அல்லா நாசிமோவா இவருடைய தாயுடன் பிறந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக லூட்டன் எழுதாத எழுத்து இல்லை. நாவல், விளம்பர வாசகம், மலிவுப் பத்திரிகைக் கதை எல்லாம் உண்டு. கருஞ்சிறுத்தையாக உருமாறும் பெண் பற்றிய நம்பிக்கையை வைத்து 1930லேயே 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். பிறகு 'கான் வித் தி விண்ட்' எடுத்த செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் பல வருஷம் வேலை. ஆர்.கே.ஓ. கொடுத்த சம்பளம் வாரத்துக்கு 250 டாலர்.

சம்பளத்தோடு மூன்று நிபந்தனைகள். ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் செலவாகக் கூடாது. 75 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. தலைப்பை நிர்வாகமே கொடுக்கும். எனக்கு மூன்றாவதுதான் ரொம்பப் பிடித்தது. கதை கிடையாது, கதாபாத்திரம் கிடையாது, 'பூனை மனிதர்கள்' என்று ஒரு தலைப்பை மட்டும் கையில் கொடுத்து, போய் எடுத்துக்கொண்டு வா என்கிறார் கோர்னர். லூட்டனுக்கோ பூனை என்றாலே ஒருவித அச்சம் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்தாளர் டிவிட் போடீன், இயக்குநர் ஜாக் டூர்னர், படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன், ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா. லூட்டனோடு உட்கார்ந்தவர்கள் இவர்கள். டூர்னரும் லூட்டனும் ஏற்கெனவே 1935இல் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' படத்தின் பாஸ்டில் சிறை முற்றுகைக் காட்சியில் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஜூலைக் கடைசியில் படப்பிடிப்பைத் தொடங்கி ஆகஸ்டிலேயே முடித்துவிட்டார்கள். புதிதாக செட் போடப் பணம் ஏது? நாயகி குடியிருக்கும் கட்டடத்துக்குள் ஒரு பிரமாதமான மாடிப்படி வரும். அது 'ஆம்பர்சன்ஸ்' படத்துக்காகக் கட்டியது. ஸ்டூடியோவின் கையைக் கடித்த படத்தின் படிக்கட்டில் ஏறித்தான், ஸ்டூடியோவைக் கைதூக்கிவிட்ட படத்தின் நாயகி வீட்டுக்குப் போகிறாள்.

அவள் பெயர் இரீனா. செர்பியாவிலிருந்து வந்து நியூயார்க்கில் தனியாக இருக்கிறாள். உடைகளுக்கு மாதிரிப் படம் வரைவது தொழில். மிருகக்காட்சிசாலையில் கருஞ்சிறுத்தைக் கூண்டுக்கு முன்னால் நின்று வரைந்துகொண்டிருக்கும்போது ஆலிவர் என்ற கப்பல் வடிவமைப்பாளனைச் சந்திக்கிறாள். காதல், கல்யாணம். அவளுடைய கிராமத்தில் ஒரு பழங்கதை உண்டு: முன்னொரு காலத்தில் தீய வழியில் இறங்கிய சிலர் அரசனுடைய வாளுக்குத் தப்பி மலைக்குள் ஓடிவிட்டார்கள், அவர்கள் வம்சத்துப் பெண்கள் ஆசையாலோ பொறாமையாலோ கோபத்தாலோ கிளர்ந்தால் சிறுத்தையாகிவிடுவார்கள். (செர்பிய வரலாற்றில் இதைத் தேட வேண்டாம். படத்தில் செர்பியாவை அடிமைப்படுத்தியவர்களாக வரும் மம்லூக்குகள் அந்த நாட்டை ஆண்டதே இல்லை. புராணம் கலிஃபோர்னியாவில் தயாரானது.) தான் அந்த வம்சம் என்று நம்புகிற இரீனா, மணமான பிறகும் கணவனை நெருங்கவிடாமல் கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறாள். கணவன் முதலில் பொறுமையாக இருக்கிறான், பிறகு மனோதத்துவ டாக்டரிடம் அனுப்புகிறான், பிறகு அலுவலகத் தோழி ஆலிஸிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்குகிறான். இரீனாவுக்குப் பொறாமை வருகிறது. இனி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

மனித உருவெடுக்கும் இச்சாதாரிப் பாம்புக் கதைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1979இல் வந்த 'நீயா?' படத்தின் நாகம் ஒவ்வொருவராகப் பழிவாங்கியதைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் புதரைக் கண்டு விலகி நடந்தவர்கள்தானே நாம்! ஆனால் நம் நாகத்துக்குத் தான் யார் என்பதில் சந்தேகமே கிடையாது. இரீனா தன்னைக் கண்டே பயப்படுகிறவள். அந்த வித்தியாசத்தில்தான் படம் இருக்கிறது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு வருகிறேன். இரவு. சென்ட்ரல் பார்க்கின் ஊடாகப் போகும் சாலை, ஒரு பக்கம் கல்சுவர். ஆலிஸ் தனியாக நடந்து வருகிறாள். சற்றுப் பின்னால் இரீனா. குதிகால் செருப்புகள் இரண்டு ஜோடி. ஒன்றின் சத்தம் நிதானமாக, மற்றது வேகமாக. விளக்குக் கம்பத்துக்கு அடியில் வெளிச்சம், அடுத்த கம்பம் வரை இருட்டு, மறுபடி வெளிச்சம். இசை கிடையாது. திடீரென்று பின்னால் வரும் காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு சத்தம் கேட்கவில்லை, அதற்கே நமக்கு வியர்த்துவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சீறிக்கொண்டு ஒன்று பாய்கிறது! பார்த்தால், பேருந்து. ஏர் பிரேக் போட்ட சத்தம். கதவு திறக்கிறது, பேயைக் கண்டவள் மாதிரி இருக்கிறாயே என்று டிரைவர் சாவகாசமாகக் கேட்கிறார்.

இதை வெட்டி ஒட்டிய மார்க் ராப்சனுக்குத் திரைத்துறை இன்றுவரை கடன்பட்டிருக்கிறது. வட்டி கட்டாத கடன். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் பின்னால் முகம் தெரிவது, அலமாரியிலிருந்து பூனை குதிப்பது, தோளில் கை விழுந்து திரும்பினால் நண்பன் நிற்பது என்று நம் ஊர்ப் பேய்ப் படங்களில் வருவதெல்லாம் அந்தப் பேருந்தின் பேரப்பிள்ளைகள். அந்த வித்தைக்கே ஹாலிவுட்டில் 'லூட்டன் பஸ்' என்று பெயர். ஆனால் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் கடைசி ஒரு விநாடியை மட்டுமே பாட்டனிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்னால் இருந்த அந்த நீண்ட நடையை, இசையை அணைத்துவிட்டுச் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்கவைத்த நிதானத்தை, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வயலின்களைச் சேர்த்து அலறவிட்டால் தூங்குகிறவனும்தான் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பான்.

பேருந்து போனபிறகு வருவது இன்னும் அழகு. எங்கோ ஆடுகள் கத்துகின்றன. செத்துக் கிடக்கும் ஆடுகளிடமிருந்து ஈர மண்ணில் ஒரு மிருகத்தின் பாதத் தடம் போகிறது. கேமரா அதைத் தொடர்ந்து நகர, நகர, தடம் பெண்ணின் குதிகால் செருப்புத் தடமாகிவிடுகிறது. பிறகு இரீனா தெரிகிறாள், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி. உருமாற்றக் காட்சி முடிந்துவிட்டது. செலவு, கொஞ்சம் ஈர மண்.

நீச்சல் குளக் காட்சியும் அப்படித்தான். பூமிக்கடியில் இருக்கும் ஒரு விடுதிக் குளம். ஆலிஸ் தண்ணீருக்குள் குதித்து நடுவில் மிதக்கிறாள். கூரையிலும் சுவரிலும் தண்ணீரின் ஒளி அலைகிறது, அதற்கு நடுவே ஒரு நிழல் போய்வருகிறது, உறுமல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் எதிரொலிக்கிறது. அந்த நிழலைத் தன் கை முஷ்டியை விளக்குக்கு முன்னால் பிடித்து உண்டாக்கியதாக டூர்னர் பின்னாளில் சொன்னார். இரீனா விளக்கைப் போட்டுவிட்டு, என்ன ஆயிற்று என்று சாதாரணமாகக் கேட்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். சிமோன் சிமோன் என்ற பிரெஞ்சு நடிகைக்கு இயல்பிலேயே கொஞ்சம் பூனை முகம். அந்த முகத்தைச் சும்மா வைத்திருந்தாலே போதும் என்று டூர்னருக்குத் தெரிந்திருக்கிறது. ஆலிஸ் கரையேறிப் பார்க்கும்போது அவளுடைய மேலங்கி நார் நாராகக் கிழிந்திருக்கிறது.

ஸ்டூடியோ சும்மா இருக்குமா? முதல் சில நாள் எடுத்ததைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர் டூர்னரை நீக்கச் சொல்லியிருக்கிறார். கோர்னர் தலையிட்டுக் காப்பாற்றினார். ஆனால் ஒரு இடத்திலாவது சிறுத்தையைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. கப்பல் வரைபட அலுவலகத்தில் ஆலிவரும் ஆலிஸும் இரவில் மாட்டிக்கொள்ளும் காட்சியில் காட்டினார்கள். முசுராகா அறை விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார். வரைபலகைகளின் கண்ணாடிக்கு அடியிலிருந்து வருவது மட்டும்தான் வெளிச்சம். முகங்கள் கீழிருந்து ஒளிர்கின்றன, மேசைகளுக்குக் கீழே மை இருட்டு, அந்த மைக்குள் கறுப்பாக ஒன்று நகர்கிறது. கேட்டீர்களே, காட்டிவிட்டோம் என்று சொல்லவும் முடியும். பார்த்தவர் எதைப் பார்த்தோம் என்று சத்தியம் செய்யவும் முடியாது. பத்திரிகை நடத்துகிறவனுக்கு இந்த மாதிரிக் கீழ்ப்படிதலின் அருமை தெரியும். மேலே இருப்பவர் சொன்னதை அப்படியே செய்து, அவர் நினைத்தது நடக்காமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை.

காசு இல்லாததால் காட்டவில்லை, காட்டாததால் பயம் கூடியது. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிற ஒன்று உண்டு.

1941இல் வந்த யுனிவர்சலின் 'தி வுல்ஃப் மேன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லான் சேனி ஜூனியர் பாவப்பட்டவர். கடிபட்டு ஓநாயாகிறவர், அவர் கேட்டு வாங்கிய வரம் அல்ல. ஜாக் பியர்ஸ் மணிக்கணக்காக உட்காரவைத்து ஒட்டிய ரோமத்துக்குள் அந்த முகம் மறைந்ததும் நமக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. அதற்குப் பிறகு அது ஒரு பிராணி. எப்போது அடிபடும் என்று காத்திருக்கிறோம். 1981இல் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' வந்தது. ரிக் பேக்கர் செய்த அந்த உருமாற்றத்தை நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். எலும்பு நீள்வதும் முதுகு வளைவதும் முழு வெளிச்சத்தில் நடக்கும். ஒப்பனைக்கென்று ஆஸ்கர் ஒரு போட்டிப் பிரிவைத் தொடங்கியபோது முதல் விருதை வாங்கியது அதுதான். ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடமும் நான் பேக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பையனை அல்ல. எப்படிச் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்றே மனம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரீனாவை நாம் இரீனாவாக மட்டுமே பார்க்கிறோம். மிருகமாவதற்கு முன்னால் ஒரு கணம், பின்னால் ஒரு கணம். நடுவில் இருப்பதை நம் கண்ணுக்கு மறைத்ததால், அவளை வெறுப்பதற்கு நமக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. ஆலிஸ் பிழைக்க வேண்டுமே என்று தவிக்கிறோம். இரீனாவுக்கு எதுவும் ஆகக் கூடாதே என்றும் தவிக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில். ஆலிஸைத் துரத்திய அதே இரவில், குளியல் தொட்டியில் முதுகு குனிந்து உட்கார்ந்து இரீனா அழுகிற காட்சி ஒன்று வரும். தோள்கள் குலுங்குவதை மட்டும் பார்ப்போம். தொட்டியின் கால்கள் மிருகத்தின் பாத வடிவில் செய்தவை. துரத்தியவளுக்காக நாம் வருந்துகிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும். பயத்தையும் இரக்கத்தையும் ஒரே ஆளின் மீது வைக்க முடிந்ததற்கு, அந்த ஆளுக்கு ரோமம் ஒட்டாததும் ஒரு காரணம்.

இன்னொரு பெண்ணும் வருகிறாள், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. இரீனாவின் கல்யாண விருந்து நடக்கும் உணவகத்தில், பூனைச் சாயல் உள்ள ஒருத்தி எழுந்து வந்து, செர்பிய மொழியில் அவளைத் தன் சகோதரி என்று அழைத்துவிட்டு, பனியில் இறங்கிப் போய்விடுகிறாள். எலிசபெத் ரஸ்ஸல். குரல் மட்டும் அவருடையது அல்ல, சிமோன் சிமோனே பேசியது. தனக்குள் இருந்தே யாரோ அழைத்த மாதிரி இரீனா நடுங்குவதற்கு அதைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்க முடியும்?

குறை இல்லாத படம் அல்ல. ஆலிவராக வரும் கென்ட் ஸ்மித் நல்லவராக இருக்கிறார், அதற்கு மேல் எதுவும் இல்லை. மனைவியின் பயத்தைப் புரிந்துகொள்ள அவர் எடுத்துக்கொள்ளும் சிரமத்தைவிட, தோழியிடம் அதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் சிரமம் அதிகம். டாம் கான்வேயின் டாக்டர் ஜட், நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் மீதே கண் வைக்கிற ஆசாமி. அந்தப் படத்தில் உண்மையைப் பேசுகிறவள் இரீனா ஒருத்திதான். அவளைத்தான் யாரும் நம்புவதில்லை.

படம் போட்ட காசைப் போல் பல மடங்கு சம்பாதித்தது. லூட்டன் அதே சிக்கனத்தோடு 1946 வரை அடுத்தடுத்துத் திகில் படங்கள் எடுத்தார். ஒரு காதல் கதை, பூடகமாகப் பயமுறுத்தும் மூன்று காட்சிகள், வெளிப்படையான வன்முறை ஒன்று, எழுபது நிமிடத்துக்குள் சுபம். எங்கள் சூத்திரமே அவ்வளவுதான் என்று அவர் ஒரு பேட்டியில் விளையாட்டாகச் சொன்னார். 1944இல் ஸ்டூடியோ 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' என்ற தலைப்பைக் கையில் திணித்தது. லூட்டன் அதை, தனிமையில் வாடும் ஒரு சிறுமிக்குக் கற்பனைத் தோழி கிடைக்கும் கதையாக்கிவிட்டார். அதில் சாபமும் இல்லை, சிறுத்தையும் இல்லை. தோழியாக வருகிறவள் இரீனா. பேய்ப் படம் பார்க்க வந்தவர்கள் குழந்தை மனம் பற்றிய படம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

1951இல் மாரடைப்பில் லூட்டன் இறந்தபோது வயது 46. மறு வருஷமே 'தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல்' என்ற படத்தில், பணமில்லாத தயாரிப்பாளராக வரும் கிர்க் டக்ளஸ், பூனை வேஷம் போட்ட நடிகர்களைப் பார்த்துவிட்டு, இவர்களைக் காட்டவே வேண்டாம், இருட்டைக் காட்டுவோம் என்று விளக்கை அணைப்பார். யாரை நினைத்து எழுதிய காட்சி என்று சொல்லத் தேவையில்லை. 1982இல் பால் ஷ்ரேடர் 'கேட் பீப்பிள்' கதையை நாஸ்டாசியா கின்ஸ்கியை வைத்து வண்ணத்தில், தோல் கிழிய, மறுபடி எடுத்தார். பார்க்கலாம், தப்பில்லை. மூலப் படம் 1993இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

மூலப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைபேசித் திரையில் பகலில் பார்க்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு பாருங்கள். இந்தப் படத்தில் பாதி காதில் நடக்கிறது.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அடுத்த இதழில் வாசகர்களின் திகில் கதைகளுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கோர்னர் லூட்டனுக்குப் போட்ட நிபந்தனையைத்தான் நானும் உங்களுக்குப் போடப்போகிறேன். தலைப்பு எங்களுடையது: 'கிணற்றடிக் கரும்பூனை'. அச்சில் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பூனையைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். போன தடவை போல ஒரே உறைக்குள் மூன்று கதைகளை அனுப்பாதீர்கள். எந்தப் பக்கம் எந்தக் கதையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே எங்கள் உதவி ஆசிரியருக்கு ஒரு நாள் போய்விட்டது.

அன்புடன்,
ஆசிரியர்